கடைசி அறையின் வேலி

வேலி ஒரே ஒரு சமக்குறியை அழித்தான். கூடத்தில் மாமியாரின் கதாநாயகி, நீதிபதி முன்னால் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், டிவியை விட்டே போய்விட்டாள்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றுகிற நிலையிலும் அவன் இல்லை. சாப்பிட்டு முடித்த மதியம். ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அழித்த சமக்குறியின் இடத்தில் கர்சர் மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பாதி தூக்கம், பாதி பெருமிதம். அந்த நிலையில் மனிதனுக்கு உலகம் ரொம்ப நல்லதாகத் தெரியும்.

வேலி என்பது அலுவலகம் வைத்த பெயர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவனுக்கு அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரே பொருளும் அதுதான். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று கிடக்கிறது. அதற்குள், கோப்புகளை வாங்கி வைத்துக் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற பழைய ஏற்பாடு ஒன்றுக்கு அவன் காவல். அதற்கு அலமாரி என்று பெயர். ஒவ்வொரு கோப்பையும் துண்டு போட்டு வரிசையான அறைகளில் அடுக்கும். எடுக்கும்போது கடைசி அறையோடு நின்றுவிட வேண்டும். ஓர் அடி கூடுதலாக வைத்தால் அடுத்தவர் வீட்டுக்குள் கால் போய்விடும். அங்கே கிடப்பதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். போகாமல் எல்லையில் வேலி போடுவதே இவன் பிழைப்பு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கெர்னல்காரர்கள் அறைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். எட்டு அறை இருந்தால் கடைசி அறையின் எண் ஏழு. இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மாமியாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "அப்ப மொத ரூம்ல யாருமே இருக்கறதில்லையா மாப்ளே?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். அதோடு விட்டுவிட்டான்.

அலமாரியில் எந்தக் காலத்திலோ எவனோ, 'எட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை போ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை போ' என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சமக்குறியைத்தான் வேலி இப்போது அழித்தது.

அழிக்கச் சொன்னவர் கத்தரி. கெர்னலில் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கிற பெரிய மனிதர். கடல் தாண்டி எங்கேயோ இருந்தார். வேலி அவரை நேரில் பார்த்ததில்லை. உபயோகமில்லாத பழைய பகுதிகளை வெட்டி எறிவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். அதனால் அந்தப் பெயர். அவர் எல்லோரும் படிக்கிற பொது மடலில் எழுதியிருந்தார்: அலமாரியின் எல்லைச் சோதனைகள் ஓட்டை. யாராவது வேண்டுமென்றே கோணலாக எழுதிய டிஸ்கைச் செருகினால் கெர்னலே கவிழ்ந்துவிடும். உடனே அடை. அது கிடக்கட்டும், இதை உன்னைத் தவிர உலகத்தில் யாராவது உபயோகிக்கிறார்களா? உயிரோடு ஒரே ஒரு பயனரைக் காட்டு. இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் அலமாரி இருக்காது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலி அலமாரியோடு குடித்தனம் நடத்துகிறவன். அது போனால் வேறு வேலை கொடுப்பார்கள், சம்பளமும் குறையாது. ஆனாலும் அலமாரி இல்லாத காலையில் எழுந்து தான் எதைத் திருத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் புலம்பினான். அவன் மனைவி பல் டாக்டர். வலிக்கிறது என்று சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவள்.

"யாருமே தொடாத ஒண்ணுக்கு எதுக்குங்க இப்படி உருகறீங்க?" என்றாள்.

"நம்ம வீட்டுப் பெட்டியில ஓடுதே."

"அத நீங்கதானே போட்டீங்க. அதெல்லாம் கணக்குல வராது."

வீட்டுப் பெட்டி என்பது மாமியாருக்காக வேலி ஒரு பழைய கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தது. அவர் நடைப்பயிற்சிக்குப் போகிற நேரத்தில் சீரியலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வந்ததும் போட்டுப் பார்க்கலாம். பெருமைக்காக அதில் அலமாரியைப் போட்டிருந்தான். பெட்டியின் சுவிட்சைத் தட்டினால் டிவியின் மூலையில், 'குறை இருந்தால் எழுதுங்கள்' என்று பொது மடலின் முகவரி கொஞ்ச நேரம் ஒளிர்ந்து மறையும். அந்த வீட்டில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எதைத் திருத்தினாலும் முதலில் இந்தப் பெட்டியில் ஏற்றிப் பார்ப்பது அவன் வழக்கம். பார்ப்பது என்றால், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். சீரியலை யார் பார்ப்பார்கள்?

"அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்தான்னே தெரியல மாப்ளே. வாயத் தொறந்தா. முடிஞ்சுபோச்சு" என்றார் மாமியார்.

"சீரியல்னா அப்படித்தான் அத்தை. தொங்கல்ல விட்டாத்தானே நாளைக்கும் பாப்பீங்க" என்றான் வேலி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொன்னதில் தவறில்லை. எல்லாச் சீரியலும் அப்படித்தான் முடிகின்றன. வேலி போட்ட வேலியால் கடைசி அறை வெளியே நின்றுவிட்டதா, கதை எழுதியவரே அப்படி விட்டாரா என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒரு சோதனையும் கிடையாது. விஷயம் என்னவென்றால், சமக்குறி போட்டவனுக்குப் பின்னால் வந்த இன்னொரு புண்ணியவான், ஏதோ ஒன்று கூடுதலாகப் போகிறது என்று கண்டு, காரணம் தேடாமல் வேறோர் இடத்தில் ஒன்றைக் கழித்து வைத்திருந்தான். இரண்டு தப்பும் இத்தனை வருஷமாக ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. வேலி ஒன்றைச் சரிசெய்தான், மற்றது சாய்ந்தது. ஒவ்வொரு கோப்பிலும் கடைசி அறை காணாமல் போனது. அலமாரியின் அறைகள் விசாலமானவை. சீரியலில் யார் குற்றவாளி என்று சொல்வதற்கு ஓர் அறை தாராளம்.

மறுநாளும் மாமியாரால் பொறுக்க முடியவில்லை. யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். மகள் க்ளினிக்குக்குப் போய்விட்டாள், மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டார். மிச்சமிருந்தது பால்கனியில் மாமனார்.

மாமனார் தந்தி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லுக்கு இவ்வளவு என்று வசூலித்த இடத்தில் உழைத்தவர் வீட்டிலும் வீண் செலவு செய்வதில்லை. 'சரி', 'போதும்', 'தண்ணி' இந்த மூன்றிலேயே ஒரு நாளை ஓட்டிவிடுவார். மற்ற நேரமெல்லாம் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் செஸ் ஆடுவார்; யோசிக்கும்போது விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருக்கும். மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் நீதிபதியிடம் என்னதான் சொல்லியிருப்பாள் என்று ஆரம்பித்தார். சுவருக்கு இந்தப்பக்கம் வேலிக்கு அது முணுமுணுப்பாகக் கேட்டது. நீளமாக ஒரு குரல், பிறகு குட்டையாக ஒரு குரல், மறுபடி நீளமாக. கேட்டுக்கொண்டே மேஜையில் தலைவைத்துத் தூங்கிப்போனான்.

மறுநாள் பொது மடலில் ஒரு கடிதம் வந்திருந்தது. பெயர் இல்லை.

'அலமாரி உபயோகிக்கிறேன். தினமும். நீக்க வேண்டாம்.'

வேலி எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்து நின்று படித்தான். வாயெல்லாம் பல்லாகக் கூடத்துக்கு ஓடி மனைவியிடம் காட்டினான். பல் தெரிந்ததும் அவள் முதலில் ஈறைத்தான் பார்த்தாள். பிறகு, "பரவால்லையே, ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரே" என்றாள்.

தாங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், அலமாரியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று வேலி மூன்று பாரா எழுதினான். பதில் உடனே வந்தது.

'உயரமான இடம். நல்ல காற்று.'

அவ்வளவுதான். வேலிக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் கலங்கரை விளக்கம் தெரிந்தது. சுழன்று சுழன்று ஏறும் படிக்கட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதவு. முதல் கதவில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது. உச்சியில் கண்ணாடி அறையில் ஒரு மனிதர், கம்பளிக் குல்லாய், தனியாக. வருகிற அலையை எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி அலமாரியில் அடுக்குகிறார். அத்தனை பெரிய கடலில் அந்த மனிதருக்குத் துணை வேலி எழுதிய நிரல் மட்டும்தான். இதை நினைத்ததும் வேலிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யார் என்ன பேசினாலும் அவனுக்குப் பின்னணியில் அலைச்சத்தம் கேட்டது.

கத்தரிக்கும் பயனர் வந்தது திருப்திதான். ஆனால் அவரிடம் ஒரு சோதனை இயந்திரம் இருந்தது. கடைசி அறை வரவில்லை என்று அது சிவப்பு விளக்கு காட்டுகிறதே, வேலி போட்டாயா, சுவர் எழுப்பினாயா என்று எழுதிவிட்டார்.

வேலி தேடினான். கழித்தல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தான். எடுத்தான். அதோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எடுத்த கையோடு ஒரு சந்தேகம் வந்தது. சமக்குறியை அழித்ததுதான் தப்போ? எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் திரும்பப் போட்டான். அலைச்சத்தத்தில் அப்படித்தான் தோன்றியது. பெட்டியில் ஏற்றினான். விளக்கு எரிந்தது.

அன்று மாமியாருக்கு முடிவு கிடைத்தது. முடிவுக்குப் பிறகு இன்னொன்றும் கிடைத்தது. கதாநாயகி விடுதலையாகி வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறாள். வாசலில் ஜட்டியோடு ஒரு மல்யுத்த வீரன் நிற்கிறான். பக்கத்து அறையில் என்றைக்கோ பதிவாகிக் கிடந்த போட்டி அது. மாமியார் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"யாரு மாப்ளே அது? அவளோட மொத புருஷனோ?"

"புதுப் பாத்திரமா இருக்கும் அத்தை."

"ஆளு நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்கான்" என்று மாமியார் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை. பால்கனியில் முக்காலி சும்மா கிடந்தது.

அடுத்த நாள் கலங்கரைக்காரரிடமிருந்து கடிதம்: 'புதியது வேண்டாம். முந்தையதே நன்று.'

வேலி பதறிப்போனான். என்ன குறை, எந்த அறையில் என்று கெஞ்சிக் கேட்டான்.

'முந்தையதில் மாலைகள் நன்றாக இருந்தன.'

கெர்னல் வரலாற்றில் இப்படி ஒரு குறை அறிக்கை வந்திருக்காது. கத்தரி அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். வேலிக்கு மட்டும் புரிந்தது. மாலையில்தானே விளக்கு ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்து அறைக் குப்பை வந்து அவர் அலைகளோடு கலந்தால் எப்படி இருக்கும்? பாவம், நாகரிகமான மனிதர், நாசூக்காகச் சொல்கிறார்.

அவருக்காக வேலியை உள்ளே தள்ளிப் போட்டான். சமக்குறி போனது. கழித்தல் திரும்ப வந்தது. இனி ஒரு தூசிகூட அந்த மனிதர் மேல் படக் கூடாது என்று பாசத்தில் இன்னோர் ஒன்றையும் கழித்து வைத்தான்.

இப்போது சீரியலில் இரண்டு அறை போனது. மருத்துவமனை வாசலில் கதாநாயகி காரை விட்டு இறங்குவாள், முடிந்துவிடும். மறுநாள் பார்த்தால் குழந்தை நடந்துகொண்டிருக்கும்.

"நடுவுல என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று மாமியார் கூடத்தில் நின்று கேட்டார். வேலி கதவைச் சாத்தினான். மாமியார் பால்கனிக்குப் போனார். அன்று அங்கே குழந்தைக்கு அப்பா யார் என்பதிலேயே பொழுது சாய்ந்தது. நடுவில் ஒருதரம் மாமனார் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் உண்டு என்றே வேலிக்கு அதுவரை தெரியாது. அலை பாறையில் மோதுகிறது என்று எடுத்துக்கொண்டான்.

'மிக நன்று' என்று எழுதியிருந்தார் கலங்கரைக்காரர். 'மிக' என்ற சொல்லை வேலி நாள் முழுக்க நாக்கில் வைத்துக்கொண்டிருந்தான்.

கத்தரிக்குத்தான் பொறுமை போய்விட்டது. சோதனை இயந்திரத்தில் இப்போது சிவப்பைத் தவிர வேறு நிறமே இல்லையாம். உன் பயனர் ஒரு விசித்திரப் பிறவி, அவர் சந்தோஷப்பட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினார். வருகிற வெள்ளிக்குள் எல்லைகள் சரியாக வேண்டும். சரியானதைப் போட்டுப் பார்த்து அந்தப் பயனரும் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அலமாரி வெளியே.

வேலி கையைப் பிசைந்தான். சரிசெய்தால் கலங்கரைக்காரர் மனம் கோணும். செய்யாவிட்டால் அவர் அலைகளுக்கே இடமிருக்காது. மனைவியிடம் சொன்னான். அவள் கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"வலிக்காம பண்ணுங்கன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அதுக்காகச் சொத்தைய விட்டுட முடியுமா? அவருக்குப் பிடிக்குதா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல சரியா செய்ங்க."

அன்று மதியம் வேலி தூங்கவில்லை. திரையை ஒதுக்கிவிட்டு, ஒரு தாளில் எட்டு கட்டம் வரைந்து, பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எழுதி, ஒவ்வொன்றிலும் விரலை வைத்து வாய்விட்டு எண்ணினான். ஏழில் விரல் நின்றது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. சமக்குறி வேண்டாம். கழித்தலும் வேண்டாம், ஒன்றுகூட. வேலி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஒரே ஒரு கோடு. அனுப்பினான். வீட்டுப் பெட்டியிலும் ஏற்றினான். கத்தரியின் இயந்திரம் பச்சை காட்டியது. அவரே, பரவாயில்லை என்ற பொருளில் ஏதோ எழுதினார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இனி வேண்டியது ஒரு வார்த்தை.

வியாழன் முழுக்கக் கடிதம் வரவில்லை. வெள்ளி காலையிலும் வரவில்லை. வேலி உலகத்தில் உள்ள அத்தனை மரியாதைச் சொற்களையும் போட்டு இரண்டு முறை எழுதிப் பார்த்தான். பதில் இல்லை. கண்ணை மூடினால் கலங்கரை விளக்கம் வந்தது. உச்சி அறையில் வெளிச்சம் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது.

கூடத்தில் மட்டும் எல்லாம் நல்லபடியாக நடந்தது. சீரியலில் கதாநாயகி நடந்ததையெல்லாம் சொன்னாள், நீதிபதி கேட்டார், குழந்தையின் அப்பா வந்தார், யாரும் மல்யுத்தம் செய்யவில்லை. கடைசி எழுத்துகள் ஓடி முடியும்வரை ஓடியது. "இன்னிக்கு நல்லா முடிச்சாங்க மாப்ளே, ஒரு கேள்வி மிச்சமில்ல" என்று மாமியார் திருப்தியாகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த சீரியலைப் போட்டுக்கொண்டார்.

வெயில் இறங்கத் தொடங்கியது. அங்கே கத்தரி தன் கத்தரியை எடுத்திருப்பார். வேலியால் மேஜை முன்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, எந்த யோசனையும் இல்லாமல், பால்கனிக்குப் போனான். நிஜமாகவே அங்கே நல்ல காற்று அடித்தது. கீழே தெரு ரொம்ப தூரத்தில் இருந்தது. வண்டிகள் போகிற சத்தம் சேர்ந்து மேலே வரும்போது அலை மாதிரிதான் கேட்டது. மாமனார் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். செஸ் ஆடவில்லை. காலியான முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நாற்காலிக் கையில் தட்டித் தட்டி நின்றது.

"என்ன மாமா, தனியா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவைத்தான் வேலி, கேட்க வேறு ஒன்றும் இல்லாததால்.

மாமனார் கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஃபோனைத் திருப்பிக் கையில் எடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் இத்தனை சொற்களை ஒரே மூச்சில் செலவழித்து வேலி கேட்டதில்லை.

"'சரி'ன்னு இப்பவே எழுதிடறேன் மாப்ளே, உங்க அலமாரி எங்கயும் போகாது. ஆனா நம்ம வீட்டுப் பெட்டியில மட்டும் அந்தக் கடைசி ரூம எடுத்துடுங்க. முடிவு தெரியலன்னாத்தான் அவ இங்க வந்து என்கிட்ட பேசறா."